வேங்கடச் சாரலில் துலுக்கச் செவ்வந்தி

நம் சங்கத்தின் சென்ற ஆண்டு விழாவில் மேடையை ஒப்பனை செய்யும் பொறுப்பு நம்மிடம் வந்தது. காலனியின் தாய்மார் நால்வர், கல்லூரி மாணவர் இருவர், நாம் என எழுவர் திருப்பதிப் பூக்கடைகளுக்குச் சென்று, இரண்டு மூட்டைத் துலுக்கச் செவ்வந்தியை விலை பேசி வாங்கி வந்தோம். ஒரு மூட்டை எலுமிச்சை மஞ்சள். மற்றொன்று நல்ல செம்மஞ்சள். மாலை தொடுத்துத் தூண்களில் சுற்றி, வள்ளுவர் படத்துக்கும் ஒன்று சார்த்தினோம். பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது.

அவ்வேளையில் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். இந்நகருக்குப் பணியின் பொருட்டு வந்து, ஓய்வு பெற்றும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவர். அவர் சொல்லுக்கு நம்மிடையே மதிப்புண்டு. மேடையைச் சிறிது நேரம் நோக்கிவிட்டு, "என்ன ஐயா, தமிழ்ச் சங்க மேடையில் துலுக்கப் பூவா? பிணத்துக்குப் போடுவதை வள்ளுவருக்குப் போட்டிருக்கிறீர்களே! முல்லை கிடைக்கவில்லையா, தாமரை கிடைக்கவில்லையா?" என்றார். அருகில் நூல் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுமி, இவ்வூரிலேயே பிறந்து தெலுங்குப் பள்ளியில் படிப்பவள், "தாத்தா, இது துலுக்கப் பூ இல்லை, பந்திப்பூ. சங்கராந்திக்கு எங்கள் தெருவில் எல்லாரும் இதைத்தான் வைப்பார்கள்" என்றாள். பெரியவர் சிரித்துவிட்டார். ஆனால் கேள்வி அப்படியே நின்றது. நாம் அன்று விடை கூறவில்லை. கூறத் தெரியவும் இல்லை. ஓராண்டுக் காலம் ஆங்காங்கே படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இம்மலரில் எழுதுகின்றோம்.

முதலில் பூவைப் பிரித்துப் பார்ப்போம். நாம் ஒரு பூ என்று எண்ணிக் கையில் எடுப்பது உண்மையில் ஒரு பூவன்று. சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள் அனைத்திலும் இவ்விந்தை உண்டு. நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஒரே தட்டில் நெருங்கி அமர்ந்து, புறத்தே ஒரு பச்சைக் கிண்ணத்தால் தாங்கப்பட்டு, ஒரு மலர்போலத் தோற்றம் தருகின்றன. ஓரத்தில் உள்ளவை நாக்கைப்போல் நீண்டவை. நடுவில் உள்ளவை குழல்போன்றவை. நாம் இதழ் என்று உதிர்ப்பது ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூவே. அதன் அடியில் கறுத்து மெலிந்த ஊசிபோன்று ஒட்டியிருப்பதே விதை. உலர்ந்த மாலையை உதிர்த்து மண்ணில் தூவினால் முளைப்பதன் காரணம் இதுவே. நம் காலனியில் பல வீட்டு வாயில்களில் இச்செடி நிற்பதற்கு, யாரோ வீசிய ஆயுத பூசை மாலைகளே தாயாகும்.

இவ்வினத்திற்குத் தாவர நூலார் வழங்கும் பெயர் டஜீட்டஸ். சுவீடன் நாட்டு லின்னேயசு 1753-ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலில் இப்பெயரை நிலைநிறுத்தினார். இத்தாலியின் பழங்குடியினராகிய எத்துருசுக்கரின் கதையொன்றில் டேஜிசு என்னும் சிறுவன் வருகின்றான். உழவன் ஒருவன் ஏர் ஓட்டும்போது கொழு கீறிய சாலிலிருந்து அவன் திடீரென வெளிப்பட்டு, குறி பார்க்கும் கலையை மக்களுக்குக் கற்பித்தான் என்பது அக்கதை. உழுசாலில் கிடைத்த நம் சீதையை நினைவூட்டும் இக்கதை எங்கே, இப்பூ எங்கே என்று கேட்கலாம். ஆண்டுதோறும் உழுத மண்ணிலிருந்து தானாக முளைத்து வருவதால் இப்பெயர் பொருந்திற்று எனச் சிலர் கூறுவர். இவ்வினத்தில் ஏறத்தாழ 50 வகைகள் உள. அவற்றின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மாலைக்குப் பயன்படும் பெரும்பூவும், வரப்போரங்களில் குட்டையாய் வளரும் சிறுபூவும் மெக்சிகோ நாட்டுப் பக்கத்தில் தோன்றியவை. ஆகவே கொலம்பசு கடல் கடந்த 1492-க்கு முன் நம் நாட்டு மண் இப்பூவைக் கண்டதில்லை. சங்கப் பாடல்களில் இதைத் தேடுவது வீண். நம் அன்பர் ஒருவர் தேடினார்; வேறொரு மஞ்சட் பூவைப் பிடித்துவந்து இதுதான் என்றார். தமிழின் மேல் உள்ள பற்று அது; வரலாறு ஆகாது.

மெக்சிகோவில் அசுடெக்கு மக்கள் பேசிய நாவாத்து மொழியில் இதன் பெயர் செம்போவால்சோசித்துல். 'இருபது பூ' என்பது சொற்பொருள். அம்மக்கள் இருபது இருபதாக எண்ணும் வழக்கினர். ஆதலின் பல அடுக்குப் பூ என்பதே கருத்து. இசுப்பானியர் அவர்தம் தலைநகரை வீழ்த்தியது 1521-இல். அந்நூற்றாண்டிலேயே அந்நாட்டில் வாழ்ந்த சகாகூன் என்னும் இசுப்பானியத் துறவி, அம்மக்கள் வாய்மொழியைக் கேட்டுத் தொகுத்த பெருநூலில் இப்பூவைக் குறித்துள்ளார். இன்றும் அந்நாட்டில் நவம்பர்த் திங்கள் முதலிரண்டு நாட்களில், இறந்த முன்னோர் வீடு தேடி வருவர் என நம்பி, கல்லறையிலிருந்து வாயில்வரை இப்பூவின் இதழ்களைப் பாதைபோல் தூவுவர். அதன் நிறமும் மணமும் முன்னோர்க்கு வழிகாட்டும் என்பது அவர் நம்பிக்கை. நம் பெரியவர் 'பிணத்துக்குப் போடும் பூ' என்றாரல்லவா? அதில் ஓரளவு உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மெக்சிகோ மக்களுக்கு அது இழிவன்று, வரவேற்பு. மேலும், நம்மவர் உயர்வாகக் கருதும் செவ்வந்தியைப் பிரான்சு நாட்டில் விருந்துக்கு எடுத்துச் சென்றால் வீட்டார் முகம் சுளிப்பர். அங்கே அது கல்லறைக்குரிய பூ. அதே செவ்வந்தியின் பதினாறு இதழ் வடிவம் சப்பான் நாட்டு அரச முத்திரை. பூவில் மங்கலமும் அமங்கலமும் இல்லை. சூட்டும் மக்களிடத்தே உள்ளன.

இனி இதன் பயணம். மெக்சிகோ வீழ்ந்து 21 ஆண்டுகளே கடந்த நிலையில், 1542-இல் செர்மானிய மருத்துவர் லியோனார்டு பூக்சு வெளியிட்ட மூலிகை நூலில் இப்பூவின் படம் இடம்பெற்றுவிட்டது. அவ்வளவு விரைவில் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டது! ஐந்தாம் சார்லசு பேரரசர் 1535-இல் ஆப்பிரிக்காவின் தூனிசு நகரை வென்று திரும்பியபோது படையினர் கொண்டுவந்தனர் என்றொரு கதையும் உண்டு. அதனாலேயே ஆங்கிலேயர் பெரும்பூவை 'ஆப்பிரிக்க மேரிகோல்டு' என்றும், சிறுபூவைப் 'பிரெஞ்சு மேரிகோல்டு' என்றும் அழைக்கலாயினர். ஆப்பிரிக்காவிலும் பிறவாதது, பிரான்சிலும் பிறவாதது. வந்த வழியையே பிறந்த ஊராகக் கொண்டுவிட்டனர். அயலூரில் வாழும் நமக்கு இத்தவறு புதிதன்று. 'எந்த ஊர்?' என்று கேட்போர்க்குச் சேலம் என்றாலும் தஞ்சை என்றாலும், 'மெட்ராசா?' என்றுதானே திருப்பிக் கேட்கின்றனர்!

நம் நாட்டுக்கு இது கடல்வழி வந்தது. வாசுகோடகாமா 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கினார். 1510-இல் கோவா போர்த்துக்கேசியர் கைப்பட்டது. கீழைக் கடற்கரையில் மயிலாப்பூரின் சாந்தோமும் பழவேற்காடும் அவர்தம் துறைகளாயின. பழவேற்காட்டில் 1613-இல் ஒல்லாந்தர் கோட்டை கட்டினர். பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி இன்று திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது என்பதை நம்மிற் பலர் கருதுவதில்லை. தலைக்கோட்டைப் போர் 1565-இல் நிகழ்ந்தபின் விசயநகர அரசு தெற்கு நோக்கி நகர்ந்தது. பெனுகொண்டாவும், நம் காலனியிலிருந்து பேருந்தேறிச் சென்று காணும் சந்திரகிரியும், பின் வேலூரும் தலைநகரங்களாயின. ஆங்கிலக் கும்பினியார் 1639-இல் சென்னைக் கடற்கரை மணலைப் பெற்றது அவ்வரசின் கீழிருந்த தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமே. ஆகவே அந்நூற்றாண்டில் கப்பலில் வந்திறங்கிய பொருள் எதுவாயினும் சந்திரகிரிக்கு ஏறிவரும் சாலை திறந்தே இருந்தது. விதைக்குச் சுங்கம் இல்லை. மூட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் பொருளுக்கு யார் கணக்கு எழுதுவர்?

வந்த பூவுக்கு நம் மக்கள் பெயரிட்ட முறைதான் நம்மை மிகவும் மகிழ்வித்தது. தெலுங்கர் 'பந்தி' என்றனர். அம்மொழியில் அச்சொல்லுக்குப் பந்து என்பது பொருள். கன்னடர் 'செண்டு ஹூவு' என்றனர். செண்டு என்பதும் பந்தே. மராத்தியர் 'ஜேண்டு' என்றனர். வடநாட்டார் 'கேந்தா' என்றனர். அவர் மொழியில் கேந்து என்பது பந்து. நம் சேலம், கோவைப் பக்கத்தார் 'செண்டுமல்லி' என்பர். நாகப்பட்டினத்தில் பிறந்த நம் இல்லத்தார் 'கேந்திப்பூ' என்பார். ஒருவரையொருவர் கேட்காமலே இத்தனை மொழியாரும் புதுப்பூவைக் கண்டவுடன் பந்து என்று கூறியிருக்கின்றனர். குழந்தைகள் கையில் கொடுத்துப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

தமிழர் மட்டும் இன்னொரு பெயரும் வைத்தனர். ஏற்கெனவே தமக்குப் பழகிய செவ்வந்தியோடு உறவு கண்டு, முன்னே 'துலுக்க' என்னும் அடையைச் சேர்த்தனர். இங்கே ஒரு தடுமாற்றத்தை நீக்கவேண்டும். துருக்கர் என்பதே துலுக்கர் எனத் திரிந்தது. இப்பூவுக்கும் துருக்கி நாட்டுக்கும் தொடர்பில்லை. இசுலாமியரின் வழிபாட்டுக்கும் தொடர்பில்லை. அயலிடத்திலிருந்து வந்ததற்கெல்லாம் அறிந்த அயலார் ஒருவர் பெயரை ஒட்டவைப்பது உலக வழக்கம். அமெரிக்கச் சோளத்தை இத்தாலியர் 'துருக்கித் தானியம்' என்றனர். அமெரிக்க வான்கோழியை ஆங்கிலேயர் 'டர்க்கி' என்றே இன்றும் அழைக்கின்றனர். நாமும் பறங்கிக்காய் என்றோம், மணிலாக்கொட்டை என்றோம், சீமைக் கருவேலம் என்றோம். மூன்றும் அமெரிக்கக் கண்டத்தன. பறங்கியரோ மணிலாவோ சீமையோ அவற்றின் பிறப்பிடமல்ல. பெயரில் உள்ள அடை நம் முன்னோர் பூவை வெறுத்தார் என்பதற்குச் சான்றாகாது. அறிந்து வரவேற்றார் என்பதற்கே சான்று. வெறுத்த பொருளுக்குச் செவ்வந்தி என்ற அழகிய பெயரின் பாதியை யார் ஈவார்?

பறங்கிக்காயைக் குறித்தமையால் ஒன்று கூறவேண்டும். மார்கழி விடியலில் கோலத்தின் நடுவே சாணவுருண்டையில் நம் தாய்மார் செருகும் பறங்கிப்பூவும், இவ்வூர்ப் பெண்கள் சங்கராந்தியில் கொப்பெம்மாவின் தலையில் வைக்கும் பந்திப்பூவும் ஒரே கண்டத்திலிருந்து வந்தவை. தொன்மையின் சின்னம் என்று நாம் புகைப்படம் எடுத்து வைக்கும் காட்சியில் பாதி மெக்சிகோ நாட்டது! இதனைக் கேட்டு நம் பெரியவர் வருந்துவாரோ என அஞ்சினோம். மதனப்பள்ளிச் சந்தையிலிருந்து வரும் தக்காளியும், சித்தூர் மேட்டு நிலங்களில் விளையும் மணிலாக்கொட்டையும், குழம்பில் இடும் மிளகாயும் அவ்வழியே வந்தவைதாம் என்று சொன்னோம். "அப்படியானால் இரசத்தை விடவேண்டியதுதான்" என்றார். மிளகு நம்முடையது, புளியும் பழையது, ஆகவே இரசம் பிழைக்கும் என்று ஆறுதல் கூறினோம்.

செவ்வந்தியே நம் நாட்டதா என்பது அடுத்த கேள்வி. அதுவும் அன்று. இவ்வினத்தைக் கிரிசாந்தமம் என்பர். கிரேக்க மொழியில் 'பொற்பூ' என்பது பொருள். சீன நாட்டில் நெடுங்காலம் தோட்டப் பூவாகப் பேணப்பட்டு அங்கிருந்து பரவியது. 1961-இல் உருசியத் தாவர நூலார் ஒருவர் தோட்டச் செவ்வந்தியைத் தெந்திராந்திமம் என்னும் வேறினத்தில் சேர்த்தார். தோட்டக்காரர் பலர் முணுமுணுத்தனர். 1999-இல் கூடிய உலகத் தாவரவியல் மாநாட்டுக்குப்பின் பழைய பெயரே அதற்குத் திரும்பக் கிடைத்தது. செவ்வந்திக்கும் எல்லைத் தகராறு இருந்திருக்கிறது!

திருச்சிராப்பள்ளியில் தாயுமானவர்க்குச் செவ்வந்திநாதர் என்றொரு பெயருண்டு. சைவ எல்லப்ப நாவலர் பாடிய செவ்வந்திப் புராணம் அத்தலத்துக்குரியது. அக்கதையில் சாரமா முனிவர் என்பார் செவ்வந்தி நந்தவனம் வைத்து நாடோறும் இறைவனுக்கு மாலை சாத்துகின்றார். பூ வணிகன் ஒருவன் அத்தோட்டத்துப் பூவைத் திருடி உறையூர் அரசனுக்குத் தருகிறான். அரசன் தண்டிக்காமல் விடுகிறான். மண்மாரி பொழிந்து உறையூர் அழிகிறது. கதையின் தொடக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு. முனிவர் அச்செடியை நாகலோகத்திலிருந்து கொண்டுவந்து நட்டார் என்பது அது. வேற்றுலகிலிருந்து வந்த பூ என்று புராணமே கூறுகிறது. அதனை இறைவன் பெயரிலேயே சேர்த்தும் விட்டனர்.

இனித் திருமலைக்கு வருவோம். வைணவர் திருவரங்கத்தைப் போக மண்டபம் என்றும், காஞ்சியைத் தியாக மண்டபம் என்றும், திருமலையைப் புட்ப மண்டபம் என்றும் போற்றுவர். இராமாநுசர் தம் மாணாக்கரை நோக்கி, குளிரும் விலங்குகளும் நிறைந்த திருமலையில் தங்கிப் பூந்தொண்டு செய்ய யார் செல்வீர் எனக் கேட்டபோது, அனந்தாழ்வான் ஒருவரே எழுந்தார் என்பது மரபு. 'நீரே ஆண்பிள்ளை' என ஆசிரியர் அவரை வாழ்த்தியதால் அவருக்கு அனந்தாண்பிள்ளை என்ற பெயரும் வழங்குகிறது. அவர் கன்னட நாட்டில் பிறந்தவர். தமிழாசிரியரின் சொல்லை ஏற்று, மலைமேல் இராமாநுசர் பெயரால் நந்தவனம் அமைத்தார்; ஏரி வெட்டினார். கருவுற்றிருந்த மனைவி மண் சுமக்க, உதவ வந்த சிறுவனைச் சினந்து அவர் கடப்பாரையை வீச, அது இறைவன் முகவாயில் பட்டது என்ற கதையைத் திருமலைக்குச் செல்லும் எவரும் கேட்டிருப்பர். அக்கடப்பாரை கோவிலின் பெருவாயிலில் தொங்குகிறது. இன்றும் ஆடிப்பூரத்தன்று மலையப்பர் அத்தோட்டத்துக்கு எழுந்தருள்கிறார்.

அங்கே பூ தொடுக்கும் கூடத்தின் பெயர் யமுனைத்துறை. இறைவனுக்கு மாலை சாத்தும் சேவைக்குத் தோமாலை என்று பெயர். தோள் மாலை என்னும் தமிழ்ச் சொல்லே அவ்வாறு மருவிற்று. அச்சேவையில் ஆழ்வார் பாசுரங்கள் ஓதப்படுகின்றன. மாலைக்குரிய பூக்களில் செவ்வந்தி ஒன்று. தெலுங்கில் அதனைச் சாமந்தி என்பர். மலைமேல் பூ இறைவனுக்கே உரியது, அடியார் சூடலாகாது என்பது நெடுநாள் வழக்கம். களைந்த மாலைகளை யார்க்கும் கொடாமல் பூங்கிணற்றில் இடுவதும் வழக்கமாக இருந்தது. இவ்வழக்கத்தை நம் காலம் சற்று மாற்றியிருக்கிறது. 2021-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள்முதல், தேவத்தானக் கோவில்களில் பயன்பட்டு நீங்கிய பூக்களைக் கொண்டு ஊதுவத்தி செய்யப்படுகிறது; ஏழு மலைகளின் பெயரால் ஏழு வகை. உலர்பூக்களை ஒட்டி இறைவன் படங்கள் செய்யும் தொழிலும் தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு நடைபெறுகிறது.

கார்த்திகைத் திங்களில் நடைபெறும் புட்பயாகத்தை நம் குழந்தைகளுக்கு ஒருமுறை காட்டவேண்டும். 15-ஆம் நூற்றாண்டில் வழங்கி, இடையில் நின்றுபோன அவ்விழாவைத் தேவத்தானத்தார் 1980 நவம்பர் 14-இல் மீண்டும் தொடங்கினர். டன் கணக்கான பூக்கள் மலையப்பர்மேல் கழுத்தளவு சொரியப்படும். அப்பூக்கள் ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் வருகின்றன. மூன்று மொழி பேசுவோர் தொடுத்த கூடைகள் ஒரே மண்டபத்தில் இறங்குகின்றன.

இவ்விடத்தில் எல்லையைப் பற்றிப் பேசாமல் செல்ல இயலாது. திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. நந்தவனங்களுக்கு நிலம் விட்ட செய்திகளும் அவற்றில் உண்டு. 1911 ஏப்ரல் முதல் நாளில், வடார்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர நாடு பிறந்தபோது அம்மாவட்டம் அதனோடு சென்றது. ம. பொ. சிவஞானம் அவர்களும் தமிழரசுக் கழகத்தாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், பட்டாசுகரின் தீர்ப்பின்படியும், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் வரவில்லை. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நம் பெரியவரின் சினத்துக்கு வேர் எங்கே என்று எண்ணிப் பார்க்கின்றோம். அவர் தந்தையார் அவ்வெல்லைப் போராட்டக் கூட்டங்களுக்குச் சென்றவர். இழந்ததாகக் கருதும் ஊரில் இருந்துகொண்டு, எஞ்சியதைத் தூய்மையாகக் காக்க வேண்டும் என்ற தவிப்பே அவரைப் பூவின் பிறப்பை ஆராயச் செய்தது. அத்தவிப்பை நாம் எள்ளவில்லை. ஆனால் அவர் காக்க எண்ணிய பூக்கூடையிலேயே சீனமும் மெக்சிகோவும் இருந்தன. கன்னடர் ஒருவர் மண் வெட்டிய தோட்டமும் இருந்தது.

சூரியகாந்திக் குடும்பத்தில் வேறு சில உறவினரையும் இச்சாரலில் காணலாம். வயல்வரப்பில் கரிசலாங்கண்ணி உண்டு. ஈரநிலத்தில் கொட்டைக்கரந்தை உண்டு. மீட்ட ஆநிரையோடு திரும்பிய வீரர் சூடிய கரந்தை இதுவே என ஒருசாராரும், துளசியினத்துச் செடியே என மற்றொரு சாராரும் கூறுவர். ஆநிரைப் பூசலில் மாண்டோர்க்கு எடுத்த நடுகற்கள் சித்தூர்ப் பக்கத்திலும் உள. பள்ளிப் பிள்ளைகள் தலையைச் சுண்டி விளையாடும் தாத்தாப்பூவும் இக்குடும்பமே. காயத்துக்கு அதன் சாற்றைப் பிழிவதால் வெட்டுக்காயப் பூண்டு என்பர்; தெலுங்கர் 'கட்டிச் சாமந்தி', அதாவது புல் செவ்வந்தி என்பர். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. கடைசியாகப் பார்த்தீனியம். 1950-களில் புனாப் பக்கத்தில் தென்பட்டு நாடெங்கும் பரவி, தரிசுகளை மூடி, தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் தருவது. தெலுங்கர் அதனை 'வையாரிபாமா', ஒயிலான பெண், என்று கேலியாக அழைக்கின்றனர். செண்டுமல்லியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பம், ஒரே கண்டம். ஒன்றை வாயிலில் நட்டோம். மற்றொன்றைப் பிடுங்கி எரிக்கின்றோம். பிறந்த இடத்தைப் பார்த்து மக்கள் இதனை முடிவு செய்யவில்லை என்பது தெளிவு.

உழவர் இப்பூவை வைத்துக்கொண்டதற்குத் தக்க காரணமும் உண்டு. குப்பம், பலமனேர், மதனப்பள்ளிப் பக்கங்களில் தசராவையும் தீபாவளியையும் கருதிப் பந்தி நடுவர். நாள் சுருங்கி இரவு நீளும்போது பூக்கும் இயல்பு செவ்வந்திக்கு உறுதியாகவும் இதற்கு ஓரளவும் உண்டு; அதனாலன்றோ பண்டிகைகளோடு இணைந்தது! செவ்வந்தியைக் காலம் தாழ்த்திப் பூக்கச் செய்ய இரவில் வயலில் மின்விளக்கு எரிப்பவரும் உளர். பேருந்தில் செல்லும்போது திருவிழாவோ என மயங்கினோம். தக்காளி பதினாறு வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டால், காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி பூவின் நிறத்தால் கவரப்பட்டு அங்கே முட்டையிடும், தக்காளி தப்பும். இதன் வேரில் ஊறும் ஒருவகைப் பொருள் மண்ணில் உள்ள நூற்புழுக்களையும் அழிக்கிறது. இதழிலிருந்து எடுக்கும் லூட்டின் என்னும் மஞ்சட்பொருள், முட்டைக் கரு நல்ல நிறம் பெறுவதற்காகக் கோழித் தீவனத்தில் சேர்க்கப்படுகிறது. கண்ணுக்குரிய மாத்திரைகளிலும் உண்டு.

ஆயினும் விலை நிற்பதில்லை. பண்டிகைக்கு முந்திய நாள் பொன் விலை. மறுநாள் பறிகூலிக்கும் போதாது. குப்பம் சாலையில் ஒரு முறை செம்மஞ்சள் மலைபோல் குவிந்து கிடந்ததைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். காவலிருந்த உழவர் மூன்று மொழியும் கலந்து பேசினார். "எடுத்துக்கொள்ளுங்கள் சாமி, சந்தைக்கு ஏற்றினால் வண்டி வாடகைக்கே கையிலிருந்து போடவேண்டும்" என்றார். ஒரு கோணி நிறைய எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்றவர் சட்டைப் பையில் பணத்தை வைத்துவிட்டு வந்தோம். அன்று நம் காலனியில் எல்லா வீட்டு நிலையிலும் மாலை தொங்கியது. ஏன் என்று கேட்டவர்க்கெல்லாம் அவர் கதையைச் சொன்னோம்.

இக்கட்டுரையின் படியை அச்சுக்கு அனுப்புமுன் பெரியவரிடம் படித்துக் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வள்ளுவர் படத்துக்குச் செவ்வந்தி, தூண்களுக்குச் செண்டுமல்லி" என்று தீர்ப்பளித்தார். அச்சிறுமி, 'செண்டுமல்லி' என்று எழுதுவதற்குப் பதில் 'பந்திப்பூ' என்று எழுதக் கூடாதா என்றாள். இரண்டும் எழுதியிருக்கின்றோம். குப்பத்து உழவரிடமே இவ்வாண்டு மேடைக்குரிய பூவைச் சொல்லியாயிற்று. விழாவின் முந்தைய இரவு பேருந்தில் அனுப்புவதாகக் கூறியுள்ளார். நூலும் ஊசியும் கொண்டு மாலை ஆறு மணிக்குச் சங்கக் கூடத்துக்கு வருமாறு தாய்மார்களை வேண்டுகின்றோம்.